தாதியா, பட்டமா, கம்பனியா, ஒன்லைனா? தூக்கப் பரிசோதனை வேலைக்குக் கிழக்கிலிருந்து நான்கு பாதைகள்

ஒரே கேள்வியை இந்த வருடம் நாலு பேர் கேட்டுவிட்டார்கள்: தூங்குகிறவரின் மூளை அலையையும் மூச்சையும் இரவு முழுக்கப் பதிந்து பார்க்கும் தூக்கப் பரிசோதனை வேலைக்கு எப்படிப் போவது?

களுவாஞ்சிக்குடிப் பிள்ளை ஒருத்தி: "அன்ரி, பயோ எடுத்தன். இசட் ஸ்கோர் மெடிசினுக்குக் காணாது. ஸ்லீப் டெக்னோலொஜிஸ்ட் எண்டு ஒரு வேலை இருக்காமே, அதுக்கு எங்க படிக்கிற?" அக்கரைப்பற்றில் எட்டு வருடமாகத் தாதியாக இருக்கிற ஒருவர், "வார்டை விட்டு வெளிய வர ஒரு வழி சொல்லுங்க அக்கா" என்றார். நகரில் மருத்துவ உபகரணக் கம்பனியில் நிற்கிற தம்பி ஒருவன், சீபாப் மெஷினை (தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறவருக்கு முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் கருவி) வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுக்கிறவன். அவனுக்கு அடுத்த படி எது என்று தெரிய வேண்டும். நாலாவது ஆள் ஒரு தகப்பன். கல்லடிப் பாலத்தடியில் மறித்து வைத்துக் கேட்டார்: "கனடாவில இருக்கிற மச்சான் சொல்றான், ஒன்லைன்ல ஒரு சேர்ட்டிபிக்கட் எடுத்தாக் காணுமாம். மெய்யா கா?"

நாலு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் மூன்று பேரை ஏமாற்றியதாகிவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பக்கச்சார்பை முதலே சொல்லி வைக்கிறேன். மட்டக்களப்பில் தாதியாகப் படித்து, பிறகு வளைகுடா நாடொன்றில் பதினொரு வருடம் மற்றவர்கள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்ததற்குச் சம்பளம் வாங்கியவள் நான். தாதி வழியை எங்காவது கூட்டிச் சொல்லியிருந்தால் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

## முதலில், அந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பாதையைத் தெரிவு செய்ய முன் போய்ச் சேருமிடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். இந்த வேலைக்குக் கை, கண், வாய், இரவு என்ற நான்கும் வேண்டும். எந்தச் சான்றிதழும் நான்கையும் ஒன்றாகத் தராது. உங்களிடம் எது குறைவோ அதைத் தருகிற பாதைதான் உங்களுக்குரிய பாதை.

கை. நோயாளி இரவு எட்டு மணிபோல வருவார். அவருடைய தலையில் ஆறு இடம், காதுக்குப் பின்னால் இரண்டு, கண்ணோரம் இரண்டு, நாடியில் (முகவாயில்), இரண்டு கெண்டைக்கால் முன்பக்கத்தில், நெஞ்சில் என்று மின்வாய்கள் ஒட்ட வேண்டும். மூக்கில் காற்றோட்டத்தைப் பார்க்கும் குழாய், விரலில் ஒட்சிசன் மானி, நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி இரண்டு பட்டி. பழகிய கைக்கு முக்கால் மணித்தியாலம். புதிய கைக்கு அதன் இரண்டு மடங்கு.

தலையில் உள்ளவற்றைக் கண்மட்டத்தில் வைக்க முடியாது. ஹேர்பேர்ட் ஜாஸ்பர் 1958-இல் வெளியிட்ட 10-20 என்ற அளவுமுறை இருக்கிறது. மூக்கின் வேரிலிருந்து பின்மண்டை மேடு வரை நாடா பிடித்து அளந்தால் 36 சென்ரிமீற்றர் வருகிறது என்று வையுங்கள். பாதி 18, அது உச்சிப் புள்ளி. பிறகு ஒரு காதின் முன்னிருந்து மறு காதின் முன் வரை உச்சி வழியாக அளக்க வேண்டும். அதுவும் 36 என்றால், உச்சியிலிருந்து இடப்பக்கம் 20 வீதம், அதாவது 7.2 சென்ரிமீற்றர் இறங்கினால் சீ 3 என்ற இடம். அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பேஸ்ட் வைத்து ஒட்டி, மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே வந்ததா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊர்த் தலைகளில் அது இலேசில் வராது. எண்ணெய்! பரிசோதனைக்குத் தலை முழுகி, எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னாலும், முழுகிவிட்டு ஒரு சொட்டு வைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

கண். காலையில் உங்கள் முன் இருப்பது 30 விநாடிக்கு ஒரு பக்கமாக வெட்டிய பதிவு. எட்டு மணித்தியாலம் என்றால் 960 பக்கம். ஒவ்வொன்றையும் விழிப்பு, என் 1, என் 2, என் 3 (இலேசான தூக்கத்திலிருந்து ஆழ்ந்த தூக்கம் வரை மூன்று படி), ஆர் (கண் ஓடும் கனவுத் தூக்கம்) என்று ஐந்தில் ஒன்றாகக் குறிக்க வேண்டும். 1968-இல் ரெக்ட்சாஃபனும் கேல்ஸும் எழுதிய விதிகள் நெடுங்காலம் ஆண்டன. 2007-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் தன் கைநூலை வெளியிட்டது, இப்போது எல்லோரும் அதன் திருத்திய பதிப்புகளைத்தான் பின்பற்றுகிறார்கள். காற்றோட்டம் 90 வீதமாவது குறைந்து 10 விநாடியாவது நின்றால் அது மூச்சுத் தடை. 30 வீதமாவது குறைந்து, கூடவே ஒட்சிசன் இறங்கினாலோ மூளை விழித்தாலோ அது மூச்சுக் குறைவு. இரண்டையும் கூட்டித் தூங்கிய மணித்தியாலத்தால் பிரித்தால் வரும் எண் 5-க்குக் கீழ் சாதாரணம், 15 வரை இலேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஒருவர் எட்டு மணித்தியாலம் படுத்திருந்தார், அதில் ஆறு மணித்தியாலம்தான் தூங்கினார், 108 தடவை மூச்சு தடைப்பட்டது. 108-ஐ ஆறால் பிரித்தால் 18, நடுத்தரம். மூளை அலை பார்க்காத வீட்டுக் கருவிக்கு அவர் எப்போது தூங்கினார் என்று தெரியாது. அது எட்டால் பிரிக்கும்: 13.5, இலேசு. ஆள் ஒன்று, மூச்சு ஒன்று, நோயின் பெயர் மட்டும் இரண்டு. கண் பழகியவர் தேவைப்படுவது இதனால்தான்.

வாய். விளக்கை அணைக்க முன் நோயாளியிடம் சில கட்டளைகள் கொடுத்துப் பதிவு சரியா என்று பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டு இருங்கள், தலையை அசைக்காமல் இடம் வலம் பாருங்கள், ஐந்து தடவை கண் சிமிட்டுங்கள், பல்லைக் கடியுங்கள், மூச்சைப் பிடியுங்கள், வலது கால் பெருவிரலை மடக்குங்கள். கண்ணை மூடினால் பின்மண்டையில் 8 முதல் 13 ஹேர்ட்ஸ் அலை ஓட வேண்டும். இதையெல்லாம் நோயாளிக்கு விளங்கும் மொழியில், பயம் வராத குரலில் சொல்ல வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் தமிழோடு சிங்களமும் வேண்டும். இன்னொன்று: முக்காடு போடும் ஒரு பெண்ணின் தலையிலும் நெஞ்சிலும் ஒட்ட ஆண் தொழில்நுட்பவியலாளர் போனால் அந்த இரவுப் பரிசோதனை நடக்காது. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் இந்த வேலை தெரிந்த ஒரு பெண்ணுக்கு இருக்கப்போகும் மதிப்பை நான் சொல்லத் தேவையில்லை.

இரவு. விடியற்காலை மூன்று மணிக்கு உங்கள் மூளையும் தூங்கப் பார்க்கும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு நோயாளி புரண்டதில் மூக்குக் குழாய் கழன்றது. திரையில் கோடு தட்டையானதைக் கண்டும், "பிறகு பார்ப்பம்" என்று தேநீர் ஊற்றப் போனேன். வந்து உட்கார்ந்தவள் அதை மறந்தே போனேன். மூன்று மணித்தியாலப் பதிவு வீண். அந்த மனிதர் நாலு மணித்தியாலம் கார் ஓடி வந்தவர். அவரை இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைக்கு வாங்கிய ஏச்சு இன்றைக்கும் காதில் இருக்கிறது, அதில் ஒரு சொல்லும் கூடுதலில்லை.

தூக்கத்திலேயே சீபாப் அழுத்தத்தைக் கூட்டிப் பார்ப்பதும் இந்த இரவு வேலைதான். தண்ணீர் அளவில் 4 சென்ரிமீற்றரில் தொடங்கி, குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி விட்டு, ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். பெரியவர்களுக்கு 20 வரை போகலாம். அவசரப்பட்டு ஏற்றினால் ஆள் எழும்பி உட்கார்ந்துவிடுவார். இடையில் இதயத் துடிப்பு தாறுமாறானால், வலிப்பு வந்தால், அறையில் முதலில் நிற்பது நீங்கள்தான். அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி இல்லாமல் இந்த அறைக்குள் போக ஏலாது.

ஒரு சின்னப் பின்குறிப்பு. பாடநூல்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. கரண்ட் இரைச்சலை வெட்ட 60 ஹேர்ட்ஸ் வடிகட்டியைப் போடச் சொல்லும். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். நூலில் உள்ளபடி போட்டுவிட்டு, "மெஷின் பழுது" என்று சொன்னவர்களைக் கண்டிருக்கிறேன். வியர்வையும் அப்படித்தான். ஏசி வேலை செய்யாத அறையில் வியர்த்த தலை, மூளை அலையில் மெல்ல ஆடும் ஓர் அலையைச் சேர்த்துவிடும். பழகாத கண் அதை ஆழ்ந்த தூக்கம் என்று குறித்துவிடும். சித்திரை வெயிலில் மட்டக்களப்பில் யாரும் அவ்வளவு ஆழமாகத் தூங்குவதில்லை.

## எதை வைத்து நிறுப்பது?

நான் பார்க்கும் அளவுகோல்கள் நாலு.

தலை கிடைக்குமா? அதாவது, கை பழக உண்மையான நோயாளிகள் அந்தப் பாதையில் இருப்பார்களா?

தூக்க வேலை கிடைக்காவிட்டால் சோறு போடுமா? முழு இரவுப் பரிசோதனை வசதி பெரும்பாலும் கொழும்பைச் சுற்றியே இருக்கிறது. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு இந்த ஒரு வேலையை மட்டும் நம்ப ஏலாது. எனக்கு இதுதான் மற்ற மூன்றையும் விடப் பாரமான அளவுகோல்.

படிக்கும் காலத்தில் காசு எந்தப் பக்கம் ஓடும்?

கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டினால் அந்தக் கடதாசிக்கு மதிப்பு உண்டா?

ஐந்தாவதாக இரவு வேலையை வீடு ஏற்குமா என்றும் கேட்க வேண்டும். ஆனால் அது எந்தப் பாதைக்கும் பொதுவானது. கலியாணப் பேச்சில், "பிள்ளைக்கு நைட் டியூட்டியா?" என்ற கேள்வி வரும். அதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை, சிரித்துச் சமாளித்தேன்.

## பாதை 1: அரச பயிற்சி, தாதி அல்லது ஈ.ஈ.ஜி. (மூளை அலை) பதிவாளர்

சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சி மூன்று வருடம். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும், வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள், மட்டக்களப்பிலேயே பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு உண்டு. காசு உங்கள் பக்கம் ஓடுகிற ஒரே படிப்பு இதுதான்.

*தலை:* தூக்கப் பரிசோதனைத் தலை கிடைக்காது. ஆனால் நோயாளியைத் தொடப் பயமில்லாத கை கிடைக்கும். நள்ளிரவில் ஒருவரை எழுப்பாமல் வயரைச் சரிசெய்வது வார்டில் நாலு வருடம் நின்றவளுக்குத் தானாக வரும். ஒட்சிசன் 78-க்கு இறங்கினால் பதறாத மனமும் அங்கேதான் வரும்.

*சோறு:* கேள்வியே இல்லை.

*மறைந்திருக்கும் செலவு:* காலம். மூன்று வருடப் படிப்பு, அதன் பிறகு கட்டாய சேவை ஒப்பந்தம். எந்த ஊருக்கு நியமனம் வரும் என்பதும், எந்த வார்டில் போடுவார்கள் என்பதும் உங்கள் கையில் இல்லை. சுவாச நோய்ப் பிரிவு கேட்டு மகப்பேற்று வார்டில் பத்து வருடம் நின்றவர்களை எனக்குத் தெரியும். அரச சேவையில் இருந்துகொண்டு வெளிநாடு போக 2022-இன் நெருக்கடிக் காலத்தில் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. உங்கள் நிலையில் அது எப்படிப் பொருந்தும் என்பதை நிர்வாகக் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்பவேண்டாம்.

இதே வீட்டில் பலர் கவனிக்காத இன்னொரு கதவு இருக்கிறது: ஈ.ஈ.ஜி. பதிவாளர். அமைச்சு இடைக்கிடை ஆட்களை எடுக்கும் துணை மருத்துவப் பயிற்சிகளில் ஒன்று. 10-20 அளவு, பேஸ்ட், மின்தடை, அலைவடிவம், பொய் அலையைக் கண்டுபிடிப்பது எல்லாம் அவர்களுடைய அன்றாட வேலை. தூக்கப் பரிசோதனையின் மிகக் கடினமான பாதி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மூச்சும் சீபாப்பும்தான் மீதி. என்னிடம் கேட்டால், இந்த வேலைக்கு இலங்கையில் மிகக் கிட்டிய பதவி இதுதான். இடங்கள் சிலதுதான், விண்ணப்பம் எப்போது கோருவார்கள் என்று காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் இந்தக் கதவைக் காணவே மாட்டார்கள்.

*யாருக்கு நல்லது:* வீட்டில் காசு இல்லாதவர், பொறுமை உள்ளவர், கிழக்கை விட்டுப் போவதா இல்லையா என்று இன்னும் முடிவெடுக்காதவர்.

## பாதை 2: பட்டம்

தூக்கத் தொழில்நுட்பம் என்ற பெயரில் இங்கே பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. கிட்டியவற்றைத்தான் பார்க்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் தாதியியல் பட்டம் இருக்கிறது. பேராதனையிலும் கொழும்பிலும் பிசியோதெரபி இருக்கிறது. இரண்டும் நோயாளியையும் நுரையீரலையும் தொடுகிற படிப்பு. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமும் நல்ல பட்டம்தான், ஆனால் அதில் நீங்கள் நோயாளியின் இரத்தத்தோடு பழகுவீர்கள், தலையோடு அல்ல.

மெடிசினுக்குக் காணாத இசட் ஸ்கோர் இவற்றுக்குக் காணக்கூடும். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படும் 5 வீதத்தில் மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கின்றன. கைநூலில் விருப்பத் தெரிவை நிரப்பும்போது மெடிசினுக்கு அடுத்து என்ன எழுதுவது என்று அரை மணித்தியாலமும் யோசிக்காமல் எழுதிவிட்டு, பிறகு நாலு வருடம் வருந்துகிறார்கள்.

வெளிநாட்டுப் பட்டம் வேறு கதை. இங்கிலாந்தில் இருதய, சுவாச, தூக்க உடற்றொழிலியல் என்று சுகாதார விஞ்ஞானப் பட்டமே இருக்கிறது. அங்கே வேலையின் பெயர் தூக்க உடற்றொழிலியலாளர். அவுஸ்திரேலியாவில் தூக்க விஞ்ஞானி என்பார்கள், பொதுவாக ஒரு விஞ்ஞானப் பட்டத்தோடு ஆய்வகத்துக்குள் போய் வேலையில் பழகுகிறார்கள். சீபாப்பைக் கண்டுபிடித்த கொலின் சலிவன் சிட்னிக்காரர், 1981-இல். அந்த நாட்டில் இந்தத் துறைக்கு வேர் ஆழம். ஆனால் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை ரூபாயில் பெருக்கினால் அது காணி விற்கும் கணக்கு. அக்கா லண்டனில், அண்ணன் மெல்பேணில் என்று தங்க இடமும் பாதிக் கட்டணமும் உறுதியாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

*மறைந்திருக்கும் செலவு:* பட்டம் முடிந்தும் கை பழகியிருக்காது. அதற்கு மேலும் ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள்.

## பாதை 3: சீபாப் விற்கும் கம்பனி

இதைக் குறைவாக நினைக்கவேண்டாம். நகரத்துத் தம்பி ஒரு வருடத்தில் தொட்ட முகமூடிகளின் எண்ணிக்கையை நான் வளைகுடாவில் முதல் இரண்டு வருடத்திலும் தொடவில்லை. எந்த மூக்குக்கு எந்த மாஸ்க், தாடி உள்ளவருக்கு எங்கே காற்றுக் கசியும், மெஷினின் அட்டையை வாசித்து ஆள் உண்மையாகப் போடுகிறாரா என்று பார்ப்பது (இரவுக்கு நாலு மணித்தியாலமாவது, பத்தில் ஏழு இரவாவது என்பது பரவலான அளவு) எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வீட்டுக் கருவியைப் பூட்டி மூச்சுப் பரிசோதனையும் செய்கிறான். அவன் சொன்ன ஒன்று எந்த நூலிலும் இல்லை: வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற ஊரில் வீட்டுப் பரிசோதனை வைக்கக் கூடாதாம். விடிய விடிய ஒலிபெருக்கி. ஆள் தூங்காத இரவைத் தூக்கமாகக் கணக்கிட்டு அறிக்கை வரும். மேலே சொன்ன 108-ஐ எட்டால் பிரிக்கும் கணக்குத்தான் இது.

*தலை:* கிடைக்காது. மூக்கும் விரலும் கிடைக்கும். மூளை அலை இந்தப் பாதையில் வரவே வராது.

*சோறு:* சம்பளமும் கொமிசனும். கம்பனி இருக்கும்வரை.

*மறைந்திருக்கும் செலவு:* மனச்சாட்சி. பரிசோதிக்கிறவரே மெஷினையும் விற்றால், 14 வந்த எண்ணை 16 ஆக்க யாரோ ஒருவர் மேலிருந்து சொல்லும் நாள் வரும். மெஷினின் விலை இலட்சக் கணக்கு; மாத முடிவில் விற்பனை இலக்கு. இதனால்தான் நான் இந்தப் பாதையைப் படிக்கட்டு என்பேன், வீடு என்று சொல்லமாட்டேன். அறிக்கையில் கையெழுத்து வைக்கும் மருத்துவரோடு நேரே பேசும் உரிமை உங்களுக்கு இல்லாத கம்பனி என்றால் ஆறு மாதத்தில் வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொரு பயன். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற சொந்தங்கள் பாவித்த மெஷினைப் பெட்டிக்குள் போட்டு அனுப்புகிறார்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பனி, உள்ளே இருக்கும் ஒலியடக்கும் பஞ்சு உதிர்கிறது என்று இலட்சக் கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது. அப்படியான ஒன்று வந்தாறுமூலையில் யாரோ ஒரு அப்பாவின் கட்டிலடியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் அடியில் உள்ள இலக்கத்தை வாசித்துச் சொல்லத் தெரிந்த ஆள் எங்களுக்கு வேண்டும்.

## பாதை 4: ஒன்லைன் படிப்பும் சர்வதேசப் பரீட்சையும்

கனடா மச்சான் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார். ஆர்.பி.எஸ்.ஜி.டி. என்ற அமெரிக்கச் சான்றிதழ்தான் உலகத்தில் அதிகம் மதிக்கப்படுவது. வளைகுடா விளம்பரங்களில் அந்த எழுத்துக்களைக் காண்பீர்கள். விதிகள், அலைவடிவம், சீபாப், கருவியின் மின்னியல், நோயாளி பாதுகாப்பு எல்லாம் அதற்குப் படிக்க வேண்டும். படிப்பை வீட்டிலிருந்தே செய்யலாம். கண் பழகும். அதற்கு ஒன்லைன் உண்மையிலேயே நல்லது, நானும் அப்படித்தான் பழகினேன்.

ஆனால் அந்தப் பரீட்சைக்கு இருக்க, கைப்பட வேலை செய்த அனுபவத்தையோ அங்கீகரித்த படிப்பையோ காட்ட வேண்டும். செல்லுபடியாகும் உயிர்காப்புச் சான்றிதழும் வேண்டும். ஒரு தலையிலும் ஒட்டாதவருக்கு அந்தக் கதவு பூட்டு. முழுவதும் ஆங்கிலம். கட்டணம் டொலரில். விலாசமில்லாத ஏதோ ஒரு தளத்தில் எடுத்த "சேர்ட்டிபிக்கட்" இந்த எழுத்துக்களுக்குச் சமமில்லை. வளைகுடாவுக்குப் போகும்போது டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் உங்கள் தாள்களை வழங்கிய இடத்திலேயே கேட்டு உறுதிசெய்யும், அங்கே பிடிபடும்.

"வீட்டிலிருந்தே வெளிநாட்டுப் பதிவுகளைக் குறித்துச் சம்பாதிக்கலாமாமே?" என்றும் கேட்கிறார்கள். அப்படி வேலை இருக்கிறது. ஆனால் இப்போது மென்பொருளே முதல் குறிப்பை எழுதிவிடுகிறது, மனிதர் திருத்துகிறார். மனிதர்களுக்கிடையிலும் ஒற்றுமை முழுதாக இல்லை: 2013-இல் வெளியான, 2,500-க்கும் மேற்பட்டவர்களின் குறிப்புகளை ஒப்பிட்ட ஆய்வில் உடன்பாடு சுமார் 83 வீதம், என் 1 தூக்கத்தில் 63 வீதம்தான். மென்பொருள் இந்த அளவுக்கு வந்துவிட்டால், கண் மட்டும் உள்ளவரின் கூலி இறங்கிக்கொண்டே போகும். எண்ணெய்த் தலையில் மின்வாய் ஒட்ட இன்னும் மென்பொருள் வரவில்லை.

கை பழக சென்னைக்குப் போகலாமா என்றால், போகலாம். தமிழிலேயே பழகலாம், தூரமும் இல்லை. ஆனால் போக முன் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: "பார்க்க" விடுவார்களா, "செய்ய" விடுவார்களா? மூன்று மாதம் கைகட்டிப் பார்த்துவிட்டு வருவதற்கு விசாவும் விடுதிக் காசும் வீண்.

## ஒரே பார்வையில்

| பாதை | தலை கிடைக்குமா | ஊரில் சோறு | படிக்கும்போது காசு | வெளிநாட்டில் மதிப்பு |
|---|---|---|---|---|
| தாதி | இல்லை, ஆனால் நோயாளி கிடைப்பார் | உறுதி | வரும் | நல்லது, சான்றிதழ் சேர்ந்தால் மிக நல்லது |
| ஈ.ஈ.ஜி. பதிவாளர் | ஒவ்வொரு நாளும் | உறுதி, இடம் குறைவு | வரும் | நல்லது |
| உள்ளூர்ப் பட்டம் | குறைவு | பட்டத்தைப் பொறுத்தது | கொஞ்சம் போகும் | நல்லது |
| வெளிநாட்டுப் பட்டம் | கிடைக்கும் | திரும்பி வந்தால் சந்தேகம் | காணி போகும் | அந்த நாட்டில் மிக நல்லது |
| கம்பனி | மூக்கும் விரலும் | கம்பனி உள்ளவரை | வரும் | தனியாக நின்றால் குறைவு |
| ஒன்லைன் மட்டும் | இல்லை | இல்லை | டொலரில் போகும் | பரீட்சை வரை போகாவிட்டால் இல்லை |

## அந்த நாலு பேருக்கும்

அக்கரைப்பற்றுத் தாதிக்குத்தான் பாதை மிகக் கிட்ட. கையும் வாயும் இரவும் அவரிடம் இருக்கின்றன, கண் மட்டும்தான் இல்லை. அவருக்கு ஒன்லைன் படிப்பு, பிறகு கை பழக விடும் இடத்தில் சில மாதம், பிறகு பரீட்சை. வேலையை விடாமல், விடுமுறை எடுத்து.

கம்பனித் தம்பிக்கு மூளை அலை வேண்டும். இரவில் சும்மா இருக்கும் நேரத்தில் அலைவடிவம் படிக்கட்டும். உயர்தரத்தில் விஞ்ஞானம் செய்தவன், வயதும் இருக்கிறது, ஈ.ஈ.ஜி. பதிவாளர் விண்ணப்பம் வந்தால் முதல் ஆளாகப் போடட்டும். விற்பனைப் பட்டியலில் முதலிடம் வந்ததைச் சந்தோசமாகச் சொன்னான். எனக்கு அது கொஞ்சம் பயமாக இருந்தது.

களுவாஞ்சிக்குடிப் பிள்ளை தூக்கத்தை இப்போதைக்கு மறந்துவிட்டு முதலில் தாதியியலுக்கோ பிசியோதெரபிக்கோ உள்ளே போகட்டும். பத்தொன்பது வயதில் ஒரு குறுகிய துறையைக் கட்டிப்பிடிக்கத் தேவையில்லை; இருபத்தைந்தில் அது தானாகத் தேடி வரும். தகப்பனுக்கு நான் பாலத்தடியில் சொன்னதுதான்: ஒன்லைனுக்குக் கட்ட வைத்திருக்கிற காசை இன்னும் கட்டவேண்டாம்.

பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். தையல் நாடா ஒன்றும், கண்ணுக்கு மை தீட்டும் பென்சில் ஒன்றும், அசையாமல் இருக்கச் சம்மதிக்கும் ஒரு தம்பியும் போதும். மூக்கு வேரிலிருந்து பின்மண்டை மேடு வரை ஒரு தடவை, காதிலிருந்து காது வரை ஒரு தடவை அளந்து, உச்சிப் புள்ளி இரண்டு அளவிலும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நாள் ஒரு சென்ரிமீற்றர் தள்ளித்தான் விழும். எனக்கும் அப்படித்தான் விழுந்தது. தம்பிக்குத் தலை முழுக வார்த்து, எண்ணெய் வைக்காமல் அடுத்த நாளும் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன்.